மதகு அடைத்த ஏரி: ஜைரேட் அட்ராபிக்கு பி6 மாத்திரையா, பத்தியமா, காத்திருப்பா?

அக்கா மகனின் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்துக்கு நேராக 812 (லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கில்) என்று இருந்தது. இருக்க வேண்டியது 120க்குள். அக்கா அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மறு நிமிடமே போன் செய்தாள்.

"டேய், டாக்டர் மூணு வழி சொல்றாரு. மாத்திரை கொடுத்துப் பாக்கலாமாம். சாப்பாட்டக் கட்டுப்படுத்தலாமாம். இல்லாட்டி ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டிட்டுப் போகலாமாம். யோசிச்சுட்டு வாங்கன்னுட்டாரு. எனக்கு என்னடா தெரியும்?"

எனக்கும் தெரியாது. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன், அவ்வளவுதான். ஆனால் அக்காவுக்காக அதற்குப் பிறகு சில மாதங்கள் உட்கார்ந்து படித்தேன். டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் கேள்வி கேட்டே தொல்லை கொடுத்தேன். அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் இன்னொரு வீட்டுக்கு இது உதவலாம்.

பையனுக்கு அப்போது ஒன்பது வயது. ஐந்து வயதிலேயே கிட்டப்பார்வைக் கண்ணாடி. ஏழு வயதில் கரண்ட் போனால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். மாலைக்கண் என்றால் நம் வீடுகளில் செய்வது ஒன்றுதான்: முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, கூடவே வைட்டமின் ஏ. இரண்டு வருடம் அதில் போனது. இடையில் ஓரிடத்தில் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (விழித்திரை மெல்ல மெல்ல அழியும் பரம்பரை நோய்) என்று எழுதி, ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்துப் பார்த்த டாக்டர் சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பின்புறத்தைப் பார்த்தபோதுதான் விழித்திரையின் ஓரமெங்கும் வெளுத்த திட்டுகள் தெரிந்தன. வட்ட வட்டமாக, விளிம்பு வளைந்து வளைந்து, கரையான் தின்ற ஓலை மாதிரி. படத்தைத் திரையில் காட்டி, "ரத்தத்துல ஆர்னிதின் பாத்துட்டு வாங்க" என்றார். அந்த ஒரு வரிதான் எங்களுக்குத் திருப்பம்.

நோயின் பெயர் ஜைரேட் அட்ராபி. 1896இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் வைத்த பெயர். ஆனால் கண்ணில் தெரியும் இந்த அழிவுக்கும் ரத்தத்துக்கும் தொடர்பு இருப்பது 1973 வரை யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு பின்லாந்தில் ஒல்லி சிமெல், கிர்ஸ்தி தக்கி இருவரும், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஆர்னிதின் பல மடங்கு கூடியிருப்பதைக் கண்டு எழுதினார்கள். பின்லாந்தில் ஏறக்குறைய 50,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இது இருக்கிறது. மற்ற நாடுகளில் இன்னும் அரிது.

காரணம் ஓஏடி என்ற மரபணு. பத்தாவது குரோமோசோமில் இருக்கிறது. அது உண்டாக்கும் நொதியின் முழுப்பெயர் ஆர்னிதின் அமினோட்ரான்ஸ்ஃபரேஸ். 439 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. வேலை செய்யும் இடம், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா. ஓர் ஏரியை நினைத்துக்கொண்டால் மிச்சம் எளிது. நாம் சாப்பிடும் புரதத்தில் ஆர்ஜினின் இருக்கிறது. கல்லீரல் அதை வெட்டி, யூரியாவை ஒரு பக்கம் தள்ளிவிட்டு ஆர்னிதினை மிச்சம் வைக்கிறது. இது வரத்து வாய்க்கால். மிஞ்சும் ஆர்னிதினை வேறு பொருளாக மாற்றி வெளியே விடும் மதகுதான் ஓஏடி நொதி. அந்த மதகு துருப்பிடித்து நின்றுவிட்டால் ஏரி நிரம்பிக்கொண்டே போகும். கரை முதலில் உடையும் இடம் விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமிச் செல் அடுக்கு. வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே வரும். பார்வைப் பரப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக் குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகும். இருபதுகளிலேயே கண்புரை வந்துவிடும். ஒன்றும் செய்யாவிட்டால் நாற்பது, ஐம்பது வயதில் பார்வை அநேகமாகப் போய்விடும்.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். அக்கா கட்டியிருப்பது எங்கள் மாமா மகனை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் சொந்தத்தில் மணந்தவர்கள். இதை வைத்து அக்காவைக் குத்திக்காட்ட ஊரில் நாலு பேர் வந்தார்கள். அவர்களை விட்டுவிடுவோம்.

முதலில் எந்த டெஸ்ட்?

சிகிச்சைக்கு முன்னால் இதிலேயே ஒரு தேர்வு இருக்கிறது. ரத்தத்தில் அமினோ அமில அளவு பார்ப்பதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஜெனடிக் டெஸ்ட் அதைவிடப் பல மடங்கு. கண்ணில் திட்டுகள் தெரிந்து, ஆர்னிதினும் பல மடங்கு எகிறி நின்றால் நோய் அதுதான் என்று சொல்லிவிடலாம். ஆகவே ரத்தம் முதலில். ஆனால் ஜெனடிக் டெஸ்டை வீண் செலவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கும். பி6 வேலை செய்ய வாய்ப்புண்டா என்பது ஒன்று. வீட்டில் அடுத்த குழந்தைக்கு எதைத் தேட வேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டாவது ஏன் முக்கியம் என்றால், பிறந்த குழந்தையிடம் இந்த மதகு தலைகீழாகத் திறக்கிறது. முதல் சில வாரங்களில் ஓஏடி நொதி ஆர்னிதினைக் கரைப்பதற்குப் பதில் உண்டாக்கும் திசையில் ஓடும். அதனால் நோய் உள்ள பச்சைக்குழந்தைக்கு ஆர்னிதின் குறைவாகவே கூட இருக்கலாம். குதிகாலில் குத்தி எடுத்த பரிசோதனையில் "நார்மல்" என்று வந்ததை நம்பி இருந்துவிடக் கூடாது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ இருக்கும் அதே மரபணு மாற்றத்தைத் தேடிப் பார்ப்பதுதான் அங்கே பயன்படும்.

பி6: முதலில் பார்த்துவிட வேண்டிய வழி

ஓஏடி நொதி தனியாக வேலை செய்யாது. வைட்டமின் பி6இலிருந்து வரும் பைரிடாக்சல் பாஸ்பேட் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சிலரிடம் நொதி உருவாகிறது, ஆனால் அந்தத் துணையைச் சரியாகப் பிடிக்க முடிவதில்லை. அவர்களுக்கு பி6ஐ அள்ளிக் கொடுத்தால் மதகுத் திருகில் எண்ணெய் விட்ட மாதிரி கொஞ்சம் நகரும். சங்கிலியின் 332ஆம் இடத்தில் வேலின் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் வந்து உட்கார்ந்தவர்கள், 226ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் வேலின் உள்ளவர்கள் ஆகியோரிடம் இது பலித்திருக்கிறது. அவர்கள் மிகச் சிறுபான்மை. பின்லாந்தில் பரவலாக இருக்கும் மாற்றம், 402ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் வருவது. அங்கே எண்ணெய் விட்டுப் பயனில்லை.

பலிக்கும் வாய்ப்பு இவ்வளவு குறைவு என்றாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். மலிவு, விரைவு, விடை எண்ணாகவே கிடைத்துவிடும். ஒரே நிபந்தனை: அந்த வாரங்களில் சாப்பாட்டில் எதையும் மாற்றக் கூடாது. எங்கள் வீட்டில் இந்தத் தப்பு நடந்தது. மாத்திரை ஆரம்பித்த அன்றே அக்கா பயந்துபோய் முட்டையையும் கறியையும் நிறுத்திவிட்டாள். ஆறு வாரம் கழித்து எண் 690. மாத்திரையால் இறங்கியதா, முட்டை நின்றதால் இறங்கியதா? யாராலும் சொல்ல முடியவில்லை. பழையபடி சாப்பிட வைத்து மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் முறை எண் 800ஐ விட்டு அசையவே இல்லை. பி6 எங்களுக்கு இல்லை என்று தெரிந்துகொள்ள ஆன காலம் இரு மடங்கு.

அளவும் சாதாரணமானது அல்ல. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம், அதற்கு மேலும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் வாங்கும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் இருப்பது பொதுவாக அதில் நூறில் ஒரு பங்கு போல. "நானும் பி காம்ப்ளெக்ஸ் கொடுக்கிறேனே" என்பது சோதித்துப் பார்த்ததாகாது. அதே சமயம், பெரிய அளவில் பி6ஐ நீண்ட நாள் சாப்பிட்டால் கை கால் நரம்புகள் மரத்துப்போகும். டாக்டர் கண்காணிப்பில் மட்டும். எண் இறங்காவிட்டால் நிறுத்திவிட வேண்டும். சத்து மாத்திரைதானே என்று தொடர்வதில் அர்த்தமே இல்லை.

பத்தியம்: கனமான வழி

மதகைத் திறக்க முடியாவிட்டால் வரத்தைக் குறைக்க வேண்டியதுதான். ஆர்ஜினின் குறைந்த சாப்பாடு என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆர்ஜினின் இல்லாத புரதம் என்று ஒன்று கிடையாது. ஆகவே புரதத்தையே இறுக்கிப் பிடித்து, குறையும் சத்துக்கு ஆர்ஜினின் சேர்க்காத அத்தியாவசிய அமினோ அமில மாவைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். யூரியா சுழற்சிக் குறைபாடு (புரதக் கழிவை யூரியாவாக மாற்ற முடியாத பிறவி நோய்) உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் அதே வகை மாவு.

இதற்கு என்ன ஆதாரம்? அமெரிக்காவின் தேசிய கண் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மியூரியல் கைசர்-குப்ஃபர் குழு பல்லாண்டு இதன் பின்னாலேயே இருந்தது. என்னை அசைத்தது அவர்களுடைய ஒரு சிறிய ஆய்வு. நோய் உள்ள இரண்டு ஜோடி உடன்பிறப்புகள். மூத்தவர்களைவிட இளையவர்கள் சின்ன வயதிலேயே பத்தியம் தொடங்கியவர்கள். 16, 17 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மூத்தவர்களுக்கு அதே வயதில் இருந்ததைவிட இளையவர்களின் விழித்திரைத் திட்டுகள் மிகக் குறைவாகவே பரவியிருந்தன. ஒரே வீடு, ஒரே மரபணுப் பழுது. வேறுபட்டது தொடங்கிய வயது. 2004இல் அதே குழு 27 நோயாளிகளைப் பற்றி எழுதியது. 17 பேர் பத்தியம் இருந்தவர்கள், 10 பேர் இல்லாதவர்கள். இருந்தவர்களுக்குப் பார்வை சரியும் வேகம் குறைவு. ரத்த ஆர்னிதின் சராசரியாக 400–500க்குள் நிற்க வேண்டும் என்ற இலக்கும் அங்கிருந்து வந்ததுதான். பழுதுள்ள எலிகளிலும், ஆர்னிதினை இறக்கிவைத்தால் விழித்திரை அழிவு தடுக்கப்படுவதை 2000இல் காட்டினார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1987இல் பின்லாந்துக்காரர்கள், ஆர்னிதின் இயல்புக்குப் பக்கத்தில் வந்த பிறகும் இளம் நோயாளிகளுக்குக் கண் கெட்டுக்கொண்டே போனதை எழுதினார்கள். மேலே சொன்ன 27 பேரிலும் பத்தியத்தைத் தேர்ந்தெடுத்தது அவரவர் விருப்பம். சீட்டுப் போட்டுப் பிரித்ததல்ல. ஆகவே உறுதி கிடையாது. இருந்தும் ஒன்பது வயதுப் பிள்ளை விஷயத்தில் உடன்பிறப்பு ஆய்வின் பக்கம்தான் நான் சாய்ந்தேன். சாய்ந்ததை அக்காவிடம் மறைக்கவும் இல்லை.

சமையலறையில் இது எப்படி இருக்கும் என்று எந்த ஆய்வும் சொல்வதில்லை. நூறு கிராம் வேர்க்கடலையில் மூன்று கிராம் ஆர்ஜினின் இருக்கிறது. எள்ளிலும் ஏறக்குறைய அதே கதை. அதே நூறு கிராம் பாலில் 0.1 கிராம்தான். சைவச் சாப்பாடு என்றால் தானாகவே இதற்கு நல்லது என்று அக்காவின் மாமியார் நினைத்தார். பருப்பு, கடலை, எள்ளுருண்டை, தேங்காய்ச் சட்னி என்று நம் சைவச் சமையல் புரதம் தேடிப் போகும் இடமெல்லாம் ஆர்ஜினின் நிரம்பிய இடம். பையனுக்கு டயட்டீஷியன் ஒதுக்கியது நாளைக்கு 12 கிராம் இயற்கைப் புரதம். இரண்டு இட்லி என்றால் 4 கிராம் போயிற்று. ஒரு கிண்ணம் சாம்பார், இன்னொரு 4. மத்தியானச் சோற்றுக்கு முன்னாலேயே கணக்குத் தீரும்.

கைகொடுத்தது சேலத்து ஜவ்வரிசி. மரவள்ளி மாவிலிருந்து வருவதால் புரதம் இல்லை என்றே சொல்லலாம். வெளிநாட்டில் புரதம் நீக்கிய ரொட்டி என்று தனியாகத் தயாரித்து விலை வைத்து விற்கிறார்கள். நமக்குத் தெருக்கோடி மளிகைக்கடையில் கிடைக்கிறது. ஜவ்வரிசி உப்புமா, கூவைமாவுக் கஞ்சி, நெய்யில் வதக்கிய மரவள்ளி, காய்கள். புரதக் கணக்கைப் பருப்பில் செலவழிக்காமல் தயிரில் செலவழித்தால் அதே கிராமுக்கு ஆர்ஜினின் குறைவு. இதெல்லாம் டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த பிறகு நாங்கள் கண்டுகொண்ட சந்துபொந்துகள். எழுதிக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. புரதத்தை மட்டும் குறைத்து மாவு கொடுக்காமல் விட்டால் பிள்ளை வளராது, முடி கொட்டும். அதைவிட மோசம், உடம்பு தன் தசையையே உடைக்க ஆரம்பிக்கும். தசையிலும் ஆர்ஜினின் இருக்கிறதே. பட்டினி போட்டால் ஆர்னிதின் ஏறும். காய்ச்சல் வந்த வாரம் எண் ஏறியதன் காரணமும் இதுதான் என்று பிறகு புரிந்தது.

அந்த மாவின் நாற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பசையும் வேகவைத்த முட்டைக்கோசும் கலந்த மாதிரி. ஆரஞ்சுச் சாற்றில் கலந்து, ஐஸ் போட்டு, மூடி போட்ட டம்ளரில் ஸ்ட்ரா வைத்துக் கொடுத்தால் இறங்குகிறது. மூடி முக்கியம்.

அரைகுறைப் பத்தியத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. "முடிஞ்ச வரைக்கும் குறைச்சுக்கறோம்" என்று கறியை நிறுத்திவிட்டு, கல்யாண வீட்டில் ஒரு நாள்தானே என்று விடும் வீட்டில், பிள்ளைக்கு ஆசைப்பட்டதும் கிடைக்காது, எண்ணும் 700க்குக் கீழே வராது. இருந்தால் இலக்கு வரை இருக்க வேண்டும். முடியாது என்று தெரிந்தால் பிள்ளையை நிம்மதியாகச் சாப்பிட விடுங்கள்.

லைசின், கிரியேட்டின், புரோலின்

இவை துணை வழிகள். லைசின் கொடுத்தால் சிறுநீரகம் ஆர்னிதினைத் திரும்ப உறிஞ்சாமல் வெளியே விடும், ஏரியில் கலங்கல் வழியாக வழிய விடுவதுபோல. எண் இறங்குகிறது, ஆனால் பார்வை காப்பாற்றப்பட்டதாக நீண்ட கால ஆதாரம் கிடையாது. கிரியேட்டின் வேறு கதை: கூடிய ஆர்னிதின் உடம்பில் கிரியேட்டின் உற்பத்தியை அமுக்குகிறது, அதனால் தசை நார்கள் மெலிகின்றன. 1981இல் பின்லாந்தில் கொடுத்துப் பார்த்தபோது தசை தேறியது. கண் நோய் அதனால் நிற்கவில்லை. புரோலினை ஜப்பானில் ஒரு சிலருக்குக் கொடுத்துப் பார்த்ததோடு சரி. மூன்றும் பத்தியத்தின் இடத்தைப் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை மட்டும். நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு ஆர்ஜினின் பொடிப் பாக்கெட் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். ஜிம்முக்குப் போகிறவர்களின் பொடிகளிலும் அது உண்டு. ஜைரேட் அட்ராபி உள்ள பெண் கர்ப்பமானால் முதல் நாளே பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

காத்திருப்பது

சொந்தக்காரர் ஒருவர், "அமெரிக்காவுல கண்ணுக்கு ஜீன் ஊசி வந்துடுச்சு, எதுக்குப் பிள்ளைய வதைக்கிறீங்க?" என்று செய்தி ஒன்றை அனுப்பினார். செய்தி உண்மை. 2017 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. இரண்டு கண்ணுக்கும் அப்போது வைத்த விலை 8,50,000 டாலர். ஆனால் அது ஆர்பிஈ65 என்ற வேறொரு நொதி மரபணுவுக்கானது. ஓஏடிக்கு மனிதர்களிடம் அனுமதிக்கப்பட்ட மரபணு சிகிச்சை இல்லை. எலிகளின் கல்லீரலில் நல்ல மரபணுவை ஏற்றி, ரத்த ஆர்னிதினை இறக்கியிருக்கிறார்கள். கண்ணைத் தொடாமல் கல்லீரலில் புது மதகு கட்டும் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என்றாலும் அது வந்து சேரும்போது காப்பாற்ற விழித்திரை மிச்சம் இருக்க வேண்டுமே. இறந்த செல்லை அந்த ஊசி எழுப்பாது.

இருந்தாலும் காத்திருப்பது சிலருக்குச் சரியான முடிவுதான். நாற்பது வயதில் கண்டுபிடிக்கப்பட்டு, நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம் உள்ளவரிடம் போய் ஜவ்வரிசி சாப்பிடச் சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குச் செய்ய வேறு வேலை இருக்கிறது. கண்புரையை எடுத்தால் இருக்கும் பார்வை துலங்கும். விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருந்தால் அதற்குத் தனி மருந்து உண்டு. பலர் அதைக் கவனிக்காமல் எல்லாம் நோயின் கணக்கு என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு சான்றிதழ். எழுத்துப் பலகையில் கடைசி வரிசை வரை படிக்கிறவருக்கு ஊனச் சான்று கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பார்வைப் பரப்பும் கணக்கில் வருகிறது: 40 டிகிரிக்குக் கீழே போனால் குறைபார்வை, 10 டிகிரிக்குக் கீழே பார்வையின்மை. பார்வைப் பரப்புச் சோதனையின் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

எங்கள் வீட்டில் பி6 போய், பத்தியம் என்று முடிவான அன்று டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார்: "இன்னொரு குழந்தை இருக்கா?" இருக்கிறாள், நாலு வயது. கண்ணாடி கிடையாது, இருட்டில் ஓடுவாள். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்பது எனக்கு வகுப்பில் கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டும் கணக்கு. அக்கா மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துவிட்டு வந்தாள். 590.

அன்று சாயங்காலம் போன் வந்தபோது அழுகை இருக்கும் என்று நினைத்தேன். "அந்தக் கிராம் தராசு எங்கடா வாங்கின? பெரியவனுக்கு நிறுத்துட்டு இவளுக்கு நிறுக்கறதுக்குள்ள ஸ்கூல் வேன் வந்துடும். இன்னொண்ணு வேணும்" என்றாள்.